கரியைப் படித்தல்

‘காரக்டரைசேஷன்’ என்ற சொல்லை பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் ஹார்டியின் பாத்திரங்களைப் பற்றிப் பரீட்சை எழுதுவதற்காக மனப்பாடம் செய்தவன் நான். பௌதிகக்காரர்கள் இதே சொல்லைப் புகைக்கரிக்குப் பிரயோகிக்கிறார்கள் என்பது எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவர் சொல்லித்தான் தெரிந்தது. மீதேன் வாயுவைப் பிளாஸ்மாவில் உடைத்துக் கரி எடுப்பது அவருடைய வேலை. உடைப்பது ஒரு மத்தியானத்துக் காரியம்; கிடைத்தது என்ன என்று சொல்லத்தான் ஆறு மாதம் ஆகிறது என்றார். இந்த ஆறு மாதத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் காரக்டரைசேஷன். நம்மிடையே விமர்சனம் என்று நடப்பதற்கு ஆறு நாள்கூட ஆவதில்லை.

விஷயம் எளிமையானது. மீதேனில் ஒரு கரி அணுவை நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. 16 கிராம் மீதேனில் 12 கிராம் கரி. பிளாஸ்மா என்பது மின்சாரம் பாய்ந்து எலெக்ட்ரான்கள் கழன்று திரியும் வாயு. 1928இல் இர்விங் லாங்முயிர் வைத்த பெயர் அது. அந்த எலெக்ட்ரான்கள் மோதி ஹைட்ரஜனைப் பிய்த்தெறிய, மிஞ்சிய கரி தனக்கு வாய்த்த வடிவத்தில் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலும் அது வெறும் புகைக்கரிதான், அடுப்பங்கரைச் சுவரில் நாம் பார்த்திருப்பது. எப்போதாவது குழாய்.

1993இல் ஜப்பானில் ஸுமியோ இஜிமாவும் இச்சிஹாஷியும் செய்த பரிசோதனையை நான் ஒரு கதையைப் போலப் படித்தேன். மூடிய பாத்திரத்தில் 10 டார் அழுத்தத்தில் மீதேன், 40 டாரில் ஆர்கான். எதிரெதிரே இரண்டு கரித் தண்டுகள். கீழ்த்தண்டின் சிறு குழியில் ஒரு துண்டு இரும்பு. 20 வோல்டில் 200 ஆம்பியர் பாய்ச்சி நெருப்புவில்லை எழுப்பினார்கள். கரியில் சிலந்தி இழைபோல ஓடிய நூல்கள் ஒற்றைச் சுவர் கொண்ட குழாய்கள். குறுக்களவு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். மீதேன், ஆர்கான், இரும்பு மூன்றும் வேண்டியிருந்தன. அதே இதழில் கலிஃபோர்னியாவிலிருந்து பெத்தூனும் சகாக்களும் இரும்புக்குப் பதில் கோபால்ட்டை வைத்து இதையே கண்டதாக எழுதியிருந்தார்கள்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது இதற்கு இரண்டு வருஷம் முந்தைய சங்கதி. ஃபுல்லரீன் தேடியவர்கள் பாத்திரச் சுவரில் படிந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்த காலம். 1991இல் இஜிமா எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது எதிர்மின் தண்டின் முனையில் இறுகிக் கிடந்த படிவை. அவர் பார்த்தது குழாய்களை அல்ல, கோடுகளை. நடுவில் வெற்றிடம், இந்தப் பக்கம் ஐந்து கோடு என்றால் அந்தப் பக்கமும் ஐந்து, கோடுகளுக்கிடையே 0.34 நானோமீட்டர். இரு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாயிருப்பதால் இது ஒன்றினுள் ஒன்றாகச் சுருண்ட உருளை என்ற முடிவுக்கு வருகிறார். வாசிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். பக்கத்தில் இருப்பதை எண்ணுவது, எண்ணியபின் பேசுவது.

1952இலேயே ராதுஷ்கேவிச், லுக்கியானோவிச் என்ற இரண்டு சோவியத் விஞ்ஞானிகள் இரும்பின்மேல் கார்பன் மோனாக்ஸைடைச் சிதைத்து 50 நானோமீட்டர் அளவுள்ள கரிக்குழாய்களைப் படம் பிடித்து வெளியிட்டிருந்தார்கள், ருஷ்ய மொழியில், ருஷ்யப் பத்திரிகையில். யாருக்குப் புகழ் சேர வேண்டும் என்று மான்தியூவும் குஸ்நெத்ஸோவும் 2006இல் ஒரு தலையங்கமே எழுத வேண்டிவந்தது. முந்நூறு பிரதி அச்சிடும் நமக்கு இதில் ஒரு சுயபச்சாதாபம் கிளம்புவது சகஜம். கிளம்ப வேண்டியதில்லை. சோவியத் படங்களில் சுவர்களின் கோடு தெரியவில்லை. உள்ளே கூடு என்பது மட்டும் தெரிந்தது. முன்னால் கண்டதும் முழுக்கப் படித்ததும் இருவேறு காரியங்கள். இரண்டுக்கும் மரியாதை உண்டு.

மாடி வீட்டு நண்பரின் கோபம் வேறு. கட்டுரைகளில் அச்சாகும் படம் எப்போதும் ஆக அழகான ஒரே குழாயின் படம் என்கிறார். அதைச் சுற்றி அள்ளிக் கிடக்கும் புகைக்கரி படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. அதனால் மற்ற சோதனைகள். திருச்சியில் பிறந்த ராமன் 1928இல் கல்கத்தாவில் கண்ட விளைவு இங்கே உதவுகிறது (லாங்முயிர் பெயர் சூட்டிய அதே வருஷம்!). லேஸர் ஒளியைப் பாய்ச்சினால் கரி இரண்டு இடங்களில் பதில் சொல்கிறது: 1580 அருகே ஒழுங்கின் குரல், 1350 அருகே ஒழுங்கு கெட்டதின் குரல். பிசகில்லாத கிராஃபைட்டில் இரண்டாவது எழுவதில்லை. ஒளி விழும் புள்ளிக்குள் எத்தனையோ குழாயும் கரியும் சேர்ந்திருப்பதால், தேர்ந்தெடுத்த ஒன்று அல்ல, கூட்டம்தான் பேசுகிறது.

அதைவிட இரக்கமற்றது தராசு. தூளைக் காற்றில் மெல்லமெல்லச் சூடேற்றி எடையைக் கவனிக்கிறார்கள். உருவமற்ற கரி முதலில் எரிந்து போகிறது. ஒழுங்காகக் கட்டப்பட்ட குழாய்கள் இன்னும் அதிகச் சூட்டுக்குத் தாங்கி நின்று பிறகு எரிகின்றன. கடைசியில் தட்டில் மிஞ்சுவது இரும்பின் துரு.

நாம் செய்வதோ படம் போடுவது. ஒரு தொகுதியிலிருந்து நல்ல இரண்டு வரியைப் பிய்த்து மேற்கோள் காட்டி, ‘அசலான பிரக்ஞை’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். இந்த இரண்டு வரிக்கு எத்தனை பக்கம் புகைந்தது என்று யாரும் சொல்வதில்லை. நோட்டுக்கட்டில் முதல் நோட்டையும் கடைசி நோட்டையும் பார்த்துவிட்டு நூறு என்று நான் எழுதினால் சாயங்காலம் கணக்கு உதைக்கும். இலக்கியத்தில் உதைக்க இருபது வருஷமாகிறது. அதற்குள் எழுதியவனும் புகழ்ந்தவனும் ரிட்டயராகிவிடுகிறார்கள்.

அடுத்த இதழுக்கு மதிப்புரை எழுத ஒரு தொகுதி என் மேஜைமேல் இருக்கிறது. நாற்பத்தெட்டுக் கவிதைகள். இருமுறை படித்தாகிவிட்டது, ஏழு தாங்குகின்றன. ஏழு என்று எழுதப்போகிறேன். கவிஞர் என் நண்பர். இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரரும்கூட.