பனிமூட்டத்தில் எமது பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

பதிவு கொஞ்சம் நீளம். மழைக்காலம் தொடங்க முன்னர் பொறுமையாக வாசித்துவிடுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை பதுளைப் பக்கம் மழையும் பனிமூட்டமும்தான். காலை ஆறு மணிக்கும் கருக்கல் விலகாது. ஆனால் எமது பாதைகளில் ஆட்கள் நடமாடுவது அந்த நேரத்தில்தான். ஸுபஹ் தொழுதுவிட்டுத் திரும்பும் பெரியவர்கள், பெரட்டுக்கு இறங்கும் அக்காமார், பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைகள், சைக்கிளில் வேலைக்குப் போகும் தம்பிமார். பசறை, ஹாலிஎல, தெமோதரை, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஒதுங்கி நிற்கக் கானைத் தவிர இடம் இல்லை.

மலைநாட்டில் சைக்கிளா என்று சிலர் கேட்பார்கள். 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது வேலைக்குப் போக நம்மில் பலர் சைக்கிளைத்தான் தூசு தட்டி எடுத்தோம். ஏற்றத்தில் தள்ளுவது, இறக்கத்தில் ஓட்டுவது. அதில் பழகியவர்கள் இன்றும் விடவில்லை.

எமது மாணவருக்குச் சொல்லும் கணக்கு ஒன்று. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் ஓடும். சாரதி கண்டு, கால் பிரேக்குக்குப் போய், ஈரத் தரையில் வண்டி நிற்க ஏறக்குறைய 30 மீற்றர் வேண்டும். இருட்டு நிற உடுப்பில் போகிறவரோ, தாழ்த்திய விளக்கில் அந்தத் தூரத்துக்குள் வந்த பிறகுதான் தெரிவார். பனிமூட்டம் இருந்தால் அதுவும் குறையும். அப்படியானால் சாரதி நல்லவராக இருந்தாலும் போதாது. நாம் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

சைக்கிள்காரருக்கு முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. டைனமோ இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். சக்கரம் சுற்றினால்தான் டைனமோ எரியும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளும்போது வெளிச்சம் மங்கிவிடும், நின்றால் அணைந்துவிடும். எமது பாதைகளில் பாதி ஏற்றம். ஆகவே பின்னால் பற்றரி விளக்கு கட்டாயம்.

அடுத்தது ஒளி திருப்பும் பட்டி, நாம் ரிஃப்லெக்டர் என்கிறோமே அது. மஞ்சள் உடுப்பும் இதுவும் ஒன்றல்ல. மஞ்சள் பகலிலும் மாலையிலும் கைகொடுக்கும், இரவில் அடங்கிவிடும். பட்டியோ வாகன விளக்கை வந்த வழியே திருப்பி அனுப்பும், நூறு மீற்றருக்கு அப்பாலும் மின்னும். பாதை நடுவே பதிக்கும் 'பூனைக்கண்' வேலை செய்வதும் இப்படித்தான். அதற்கு 1934இல் காப்புரிமை எடுத்தவர் இங்கிலாந்தின் பெர்சி ஷா. பின்லாந்தில் ஆர்வி லெஹ்தி என்ற விவசாயி குதிரை வண்டிகளுக்குச் செய்த பட்டிதான் பின்னர் பாதசாரிகளின் சட்டைப் பையில் தொங்கும் சிறு வில்லையானது. இன்று அங்கே இருட்டில் நடப்பவர் அதை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பட்டியை எங்கே ஒட்டுவது? அசையும் இடத்தில். கணுக்காலும் பெடலும் மேலும் கீழும் மின்னினால் 'அது ஆள்' என்று சாரதியின் மூளை உடனே பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளின் புத்தகப் பையிலும் குடை ஓரத்திலும் ஒட்டலாம். பெரட்டுக்குப் போகிறவர் படங்கின் பின்பக்கம் ஒரு துண்டு தைக்கலாம். ஸுபஹுக்குப் போகும் வாப்பாவின் வெள்ளை ஜுப்பா ஓரளவு தெரியும், உம்மாவின் கறுப்பு அபாயா தெரியாது. கைப்பையில் ஒரு பட்டி போதும். நடப்பவர்கள் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடவுங்கள்.

ஆனால் பட்டியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது நியாயம் இல்லை. தோட்டப் பாதையில் தெருவிளக்கு ஏன் இல்லை? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதி செலவிடத் தடையாக இருந்தது. வாக்கு உண்டு, விளக்கு இல்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனித் 'தோட்டம் எங்கள் பொறுப்பில்லை' என்ற பதிலை நாம் ஏற்க வேண்டியதில்லை. லயத்துச் சந்தி, பாலம், பாடசாலை வளைவு என்று இருண்ட இடங்களைப் பட்டியலிட்டு, உங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

முச்சக்கர வண்டி ஓட்டும் தம்பிமாரே, பஸ் சாரதி அண்ணன்மாரே, பனிமூட்டத்தில் விளக்கை உயர்த்தாதீர்கள். அந்த வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்த்துங்கள், வளைவில் ஹோர்ன் அடியுங்கள்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தர்மம் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பக்கத்து லயத்துப் பிள்ளையின் பையில் ஒரு பட்டி ஒட்டிக்கொடுப்பதும் அதே கணக்கில்தான் சேரும். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பார்த்துப் பனி இறங்குவதில்லை. வீட்டில் மீதிப் பட்டி வைத்திருப்பவர்கள் கீழே சொல்லுங்கள், பிள்ளைகளிடம் சேர்ப்பிப்பது எமது பொறுப்பு.