வீட்டை ஓட்டிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டைச் சக்கரத்தின்மேல் ஏற்றி ஓட்டிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் குறையை அமெரிக்க தேசத்துக் கிழவர்களும் கிழவிகளும் நிவர்த்தி செய்து வருகிறார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் நம்மவர்கள் காசி, ராமேசுவரம் என்று கிளம்புவார்கள். அல்லது பத்திரிகையும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து விடுவார்கள். அமெரிக்கர்களில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? திண்ணை, சமையல் அறை, படுக்கை அறை எல்லாவற்றையும் ஒரே மோட்டார் வண்டிக்குள் அடக்கிக்கொண்டு, பிள்ளை வீடு, பெண் வீடு, பழைய சிநேகிதர் வீடு என்று புறப்பட்டு விடுகிறார்கள்!

இந்த வண்டிக்கு அங்கே 'ஆர்.வி.' என்று பெயர். இது நேற்று முளைத்த மோகம் அல்ல. 1919-ஆம் வருஷத்திலேயே புளோரிடா மாகாணத்துத் தாம்பா நகரில் 'தகர டப்பா யாத்திரிகர்கள்' என்று ஒரு சங்கம் தோன்றியது. மோட்டாரோடு கூடாரத்தையும் கட்டிக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. 1956-இல் தேசம் முழுவதையும் இணைக்கும் பெருஞ்சாலைகளுக்குச் சட்டம் பிறந்தது. 1966-இல் அயோவா மாகாணத்து பாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரில் 'வின்னபேகோ' கம்பெனியார் மோட்டார் வீடுகளைச் செய்யத் தொடங்கினார்கள். சாலையும் வந்தது, வண்டியும் வந்தது. ஓய்வு பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

ஒக்லஹோமா மாகாணத்து டல்ஸா நகரில் எங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் எழுபத்தாறு வயதுப் பெரியவர். விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவர் மனைவி பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்தவர். சென்ற தை மாதத்தில் இவர்கள் அரிஸோனாப் பாலைவனம் வரையில் உற்றார் உறவினரைப் பார்க்கப் புறப்பட்டபோது, "நீங்களும் வாருங்களேன்!" என்று எங்களை அழைத்தார்கள். மாட்டுப் பொங்கலன்று கிளம்பினோம்.

வண்டியின் லட்சணம்

வண்டியின் நீளம் இருபத்தெட்டு அடி. ஓட்டுகிறவரின் ஆசனத்துக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை. நடுவில் காஸ் அடுப்பு, குளிர்ப் பெட்டி, பாத்திரம் தேய்க்கும் தொட்டி. பின்னால் கட்டில், அதற்குப் பக்கத்திலேயே குளியலறை. பகலில் சாப்பாட்டு மேஜையாக இருப்பது இரவில் மடங்கிப் படுக்கையாகிவிடும். நாங்கள் இருவரும் பத்து நாளும் சயனித்தது அந்த மேஜையின் மேல்தான்.

வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் உண்டு. ஒன்று நல்ல தண்ணீருக்கு. மற்றொன்று குளித்த தண்ணீருக்கும் பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும். மூன்றாவது எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. நிறைந்த தொட்டிகளை அதற்கென்று உள்ள இடங்களில் தடித்த குழாயைப் பொருத்திக் காலி செய்ய வேண்டும். பெரியவர் கையுறை மாட்டிக்கொண்டு இந்தக் கைங்கரியத்தைச் செய்யும்போது அம்மாள் மட்டும் வெகு கவனமாகத் தூரத்து மலைகளின் அழகை ரசித்துக் கொண்டிருப்பாள்!

வண்டி ஒரு காலன் பெட்ரோலுக்குப் பத்து மைலுக்கு மேல் ஓடாது. சிக்கனமான பிரயாணம் என்று யாரும் எண்ண வேண்டாம். மேலும், இரவில் வண்டி ஓட்டக் கூடாது என்று கண் வைத்தியர் பெரியவருக்கு உத்தரவிட்டிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் எங்கேயாவது நிறுத்திவிடுவோம்.

சமையல் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் பதினொரு பெயர்கள். அவற்றில் இரண்டு பெயர்களின்மேல் மெல்லிய கோடு கிழித்திருந்தது. "பார்த்துவிட்டு வந்தவர்களா?" என்று என் மனைவி கேட்டாள். "இல்லை, இனிமேல் பார்க்க முடியாதவர்கள்" என்றாள் அந்த அம்மாள்.

பிள்ளை வீட்டு வாசலில்

டல்ஸாவிலிருந்து டெக்ஸாஸ் மாகாணத்து அமரில்லோ நகரம் ஏறக்குறைய 365 மைல். இடையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அவர்களுடைய பிள்ளையின் வீட்டை அடைந்தோம். வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, உள்ளேயிருந்து மின்சாரக் கம்பியை இழுத்துச் செருகியாயிற்று. இரவு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட பிறகு, பெரியவரும் அம்மாளும் எழுந்து வண்டிக்கே வந்து படுத்துக் கொண்டார்கள்.

என் மனைவிக்குத் தாங்கவில்லை. "பெற்ற பிள்ளையின் வீடு இருக்க, வாசலில் வண்டியில் படுக்கிறதாவது?" என்று என்னிடம் முணுமுணுத்தாள். அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகத்தைப் படிக்கத் தெரியும். "அவர்கள் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள். நாங்கள் அவர்கள் அறையைப் பிடித்துக் கொண்டால் மூன்றாம் நாள் எல்லோருக்கும் அலுப்புத் தட்டும். எங்கள் கட்டிலில் நாங்கள் படுத்தால், இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்லுவார்கள்" என்றாள்.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற நம் பழமொழியின் பாஷ்யம் அல்லவா இது! மறுநாள் பொழுது விடியும் முன்பே ஏழு வயதுப் பேரன் இரவு உடுப்போடு புல்தரையில் ஓடி வந்து வண்டியின் கதவைத் தட்டினான். பாட்டி வார்த்துக் கொடுத்த அமெரிக்கத் தோசையை அவன் ஒரு கை பார்த்ததை என் மனைவி கண்டாள். அதற்குப் பிறகு அவள் முணுமுணுக்கவில்லை.

ஒத்திப் போட்ட சந்திப்பு

அமரில்லோவுக்கு மேற்கே போகும் பெருஞ்சாலை, புகழ்பெற்ற '66-ஆம் நம்பர் சாலை'யின் தடத்தை ஒட்டியே போகிறது. சிகாகோவிலிருந்து பசிபிக் கடற்கரை வரை போன அந்தச் சாலை 1926-இல் ஏற்பட்டது. 1930-க்குப் பிறகு வந்த பஞ்ச காலத்தில், மழை பொய்த்து மண்ணெல்லாம் புழுதியாகப் பறந்தபோது, ஒக்லஹோமாக் குடியானவர்கள் பாய், படுக்கை, பாத்திரங்களைப் பழைய லாரிகளில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவை நோக்கிப் போனது இந்த வழியாகத்தான். அவர்களும் வீட்டைச் சக்கரத்தின்மேல் வைத்தவர்களே. ஆனால் திரும்பிப் போக அவர்களுக்கு வேறு வீடு இல்லை. புதிய பெருஞ்சாலைகள் வந்த பின்னர், 1985-இல் 66-ஆம் நம்பரையே சர்க்கார் ஜாபிதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வழியில் இருந்த பல ஊர்கள் களை இழந்தன.

அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று நியூ மெக்ஸிகோ மாகாணத்து டுகும்காரி. பட்டறையில் பெரியவருக்குப் பக்கத்திலேயே இருபது வருஷம் நின்று வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் அங்கே இருந்தார். முந்தின வருஷம் பனிப் புயலைக் கண்டு பயந்து, "அடுத்த தடவை பார்த்துக் கொள்ளலாம்" என்று இவர்கள் திரும்பிவிட்டார்கள். கார்த்திகை மாதத்தில் அந்த மனிதர் காலமாகிவிட்டார்.

நாங்கள் பார்த்தது அவருடைய மனைவியைத்தான். கண்ணீரோ புலம்பலோ இல்லை. காபி கொடுத்தாள், பிறகு ஒரு கனமான ஆயுதப் பெட்டியைக் கொண்டுவந்து பெரியவர் முன் வைத்து, "உங்களுக்கென்று சொல்லி வைத்திருந்தார்" என்றாள். பெரியவர் அதைத் திறந்து, ஒவ்வொரு திருகுச் சாவியாக எடுத்துத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். அன்று மாலை வரையில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பாலைவனத்துப் பட்டணம்

ஆல்புகர்க்கி நகரில் அம்மாளின் தமக்கையோடு இரண்டு நாள் இருந்துவிட்டு, ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் உள்ள பிளாக்ஸ்டாப் நகருக்கு ஏறினோம். சுற்றிலும் பனி. இரவில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடாமல் அதைக் கழற்றி வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கினோம். மறுநாள் மலை இறங்கி, கொலராடோ நதியை ஒட்டித் தெற்கே திரும்பினால் வெயில்!

அங்கேதான் குவார்ட்ஸைட் என்ற அதிசய ஊர் இருக்கிறது. 2020-ஆம் வருஷக் கணக்குப்படி இரண்டாயிரத்து நானூறு பேர் வாழும் சிற்றூர். குளிர் காலத்திலோ கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி வீடுகள்! ஊரை அடுத்த சர்க்கார் நிலத்தில், அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையில் தங்கலாம். ஊர் மயானத்தில், உச்சியில் ஒட்டகச் சிலையோடு கூடிய ஒரு கோபுரச் சமாதி நிற்கிறது. 1856-இல் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை வரவழைத்தபோது அவற்றோடு வந்த ஹாஜி அலி என்பவரின் சமாதி அது. 'ஹாஜி அலி' என்று சொல்ல வாய் வராமல், ஜனங்கள் அவரை 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். அவர் இறந்தது 1902-இல். கோபுரம் எழுந்தது 1935-இல். நாடோடிகளின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான காவல் தெய்வம் கிடைக்குமா?

பெரியவரின் பால்ய சிநேகிதர் அங்கே ஒரு சிறிய மூடு வண்டியில் வசிக்கிறார். உல்லாசத்துக்காக அல்ல. 2008-ஆம் வருஷப் பணமுடையில் வேலையும் போய், கடனுக்கு வீடும் போயிற்று. அதற்குப் பிறகு வண்டியே வீடு. கோடையில் மலைக் காடுகளில் உள்ள முகாம்களில் துப்புரவு வேலை. குளிர் காலத்தில் இந்தப் பாலைவனம். அமெரிக்காவில் இப்படி வாழும் முதியவர்கள் பலர். பகட்டான வண்டிகளுக்கு நடுவே அவர்களை வேறு பிரித்துக் காண்பது கடினம்.

இரண்டு கிழவர்களும் மூன்று நாள் மாலையும் வண்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டுகும்காரியில் கிடைத்த ஆயுதப் பெட்டியை வைத்துக்கொண்டு சிநேகிதரின் வண்டிக் கதவையும் சூரிய மின்சாரப் பலகையையும் சரிசெய்தார்கள். "டல்ஸாவுக்கு வந்து எங்களோடேயே இருந்துவிடேன்" என்று பெரியவர் சொன்னார். சிநேகிதர் சிரித்தார். "அங்கே நான் உன் விருந்தாளி. இங்கே நீ என் விருந்தாளி. நான் ஏன் அதை விட வேண்டும்?" என்றார்.

புறப்படும் நாள் வந்தது. "அடுத்த வருஷம் வருவாய் அல்லவா?" என்று சிநேகிதர் கேட்டார்.

"வண்டி வரும். என் கண்தான் வருமா என்று சந்தேகம்" என்றார் பெரியவர்.

சிநேகிதர் சற்று யோசித்தார். "அதனால் என்ன? எனக்கும் சக்கரம் இருக்கிறதே! நான் வந்து உன் வாசலில் நிறுத்திக் கொள்கிறேன். உன் அறை எனக்கு வேண்டாம், ஒரு மின்சாரக் கம்பி கொடுத்தால் போதும்" என்றார்.

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அவருடைய கையைப் பிடித்துக் கொண்டார். அம்மாள் வண்டிக்குள் ஏறி, அலமாரிக் கதவைத் திறந்து, அந்தப் பெயருக்கு எதிரே ஏதோ எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். "ஏப்ரல் 15-க்குப் பிறகு, நம் வீட்டில்" என்று எழுதியிருந்தது.