மலையேறும் ஜீப்பும் தொய்ந்துபோன பட்டையும்

மிஷின் டிசைன் என்றாலே நம் பிரிவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். அதிலும் லீஃப் ஸ்பிரிங் பாடம் இருக்கிறதே... மனப்பாடம் பண்ணி, பரீட்சை ஹாலில் கொட்டி, வாசல் தாண்டும்போதே மறந்துபோகிற பாடம். அந்தப் பாடம் முழுசும் என் மாமாவின் ஜீப்புக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கிக்கொண்டிருந்ததைப் போன செமஸ்டர் லீவில் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன். கவிதை எதிர்பார்த்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்!

மாமாவுக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். வண்டி 1994 மாடல் மகேந்திரா எம்.எம்.540, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. 1947-லிருந்து மகேந்திரா கம்பெனி அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பரம்பரையில் வந்த வண்டிதான் இதுவும். முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங்தான். 2020-ல் வந்த புதுத் தார் வண்டிக்கு நாலு மூலையிலும் காயில் ஸ்பிரிங். அது பணக்கார வீட்டுப் பிள்ளை, அதை விடுங்கள்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை வரைக்கும் தார் ரோடு. அங்கிருந்து மாமா ஊருக்குப் பிரிகிற வழி கல்லும் சேறும்தான். ஏறும்போது யூரியா மூட்டை, அரிசி, சில நாள் சிமெண்ட். இறங்கும்போது சாமை, கடுக்காய், சந்தைக்குப் போகிற சனம். இதெல்லாம் பகல் கணக்கு. ராத்திரிக் கணக்கு ஒன்று உண்டு. யாருக்காவது பிரசவ வலி எடுத்தால், 108 வண்டி வந்து நிற்கிற தார் ரோடு வரைக்கும் மாமா ஜீப்தான் கொண்டுபோய் விட வேண்டும். பின்னால் ஒருத்தி படுத்திருப்பாள், பக்கத்தில் அவள் அம்மா, அவ்வளவுதான் பாரம்.

இந்த ஜீப்பின் பின்பக்கம் தொய்ந்துவிட்டது. வலது பக்கம் இடதைவிட இன்னும் கொஞ்சம் இறக்கம். மூட்டை ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்திலும் 'டமார்' என்று ஆக்ஸில் போய் பம்ப் ரப்பரில் இடிக்கும். ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிவு. ஒன்றின் மேல் பிராக்கெட்டே விட்டுப்போய் வெல்டிங் வைத்திருந்தது.

"மாப்ளே, எல்லாரும் ரெண்டு பட்டை சேக்கறான். நாமளும் சேத்துட்டா முடிஞ்சுபோச்சு வேல. ஷாக்குக்கு மட்டும் எந்தக் கம்பெனி நல்லதுன்னு சொல்லு" என்றார் மாமா. பட்டறைக்காரர் பட்டையும் எடுத்து வைத்துவிட்டார். பழைய லாரிப் பட்டையை வெட்டியது, 8 மில்லிமீட்டர் தடிமன். நம் வண்டியில் இருப்பது 6 மில்லிமீட்டரில் 7 பட்டை.

"மாமா, ஒரு நாள் டயம் குடுங்க. முதல்ல வண்டிய எடை போட்டுப் பாக்கலாம்" என்றேன். "வண்டிய என்னாத்துக்குடா எடை போடறது, விக்கவா போறோம்?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டார்.

கச்சிராயபாளையம் பக்கம் ஓர் எடை மேடை. கரும்பு டிராக்டர்களுக்கு நடுவில் எங்கள் ஜீப்பும் வரிசையில் நின்றது. முன் சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு எடை. காலி வண்டியில் பின் ஆக்ஸிலில் 660 கிலோ. 45 கிலோ யூரியா 6 மூட்டையும் பின் சீட்டில் மூன்று பேரும் ஏறியதும் 1,080 கிலோ. வித்தியாசம் 420, பக்கத்துக்கு 210. இரண்டு தடவையும் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் டேப் வைத்து அளந்தேன். 70 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. 210-ஐ 70-ஆல் வகுத்தால் 3. அதாவது ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 3 கிலோ. நியூட்டனில் சொன்னால் ஏறக்குறைய 29.

இப்போது சாரின் ஃபார்முலாவுக்கு வாருங்கள். எட்டு, எஃகின் மீள்தன்மைக் கெழு, பட்டைகளின் எண்ணிக்கை, அகலம், தடிமனின் மும்மடி எல்லாவற்றையும் பெருக்கி, நீளத்தின் மும்மடியைப் போல் மூன்று மடங்கால் வகுக்க வேண்டும். முழு நீளப் பட்டைக்குச் சின்னத் திருத்தம் உண்டு. அது பரீட்சைக்கு வேண்டும், மாமாவுக்கு வேண்டாம். 7 பட்டை, 45 அகலம், 6 தடிமன், கண்ணுக்குக் கண் 1,065 நீளம் போட்டால் வருவது 31 நியூட்டன்! எடை மேடைச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுவிட்டு, விசில் அடிக்காத குறைதான்.

சந்தோஷம் இருக்கட்டும். அந்தக் கணக்கு சொன்ன சேதிதான் முக்கியம். முப்பது வருஷம் ஓடித் தொய்ந்த பட்டை இன்னும் புதுப் பட்டையின் விறைப்போடுதான் இருக்கிறது! யோசித்தால் நியாயம்தான். எஃகு அதே எஃகு, அகலம், தடிமன், நீளம் எதுவும் பெரிசாக மாறவில்லை. போனது கேம்பர் என்கிற வளைவு மட்டும். வளைவு போனதால் உயரம் போச்சு, உயரம் போனதால் பம்ப் ரப்பருக்கு இருந்த இடைவெளி போச்சு. காலி வண்டியில் மிச்சம் 75 மில்லிமீட்டர். சுமை ஏறினால் 70 போய்விடும். மிஞ்சுகிற 5 மில்லிமீட்டரில் கல்வராயன் மலைப் பள்ளத்தை எப்படிச் சமாளிப்பது? இடிக்காமல் என்ன செய்யும்?

பட்டை சேர்த்தால் வண்டி உயரும், அதில் பொய்யில்லை. அதனால்தான் எல்லோரும் சேர்க்கிறார்கள். ஆனால் தடிமன் மும்மடியில் வேலை செய்கிறது. ஒரு 8 மில்லிமீட்டர் பட்டை ஏறக்குறைய 2.4 ஆறு மில்லிமீட்டர் பட்டைக்குச் சமம். இரண்டு சேர்த்தால் 7 பட்டை கிட்டத்தட்ட 12 பட்டை ஆகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு விறைப்பு கூடுகிறது. மூட்டை ஏற்றிய பகலுக்கு அது சரி. அந்த ராத்திரிக்கு?

கணக்குப் போட்டேன். காலி வண்டியின் பின்பக்கம் இப்போது நிமிஷத்துக்கு 100 தடவை ஆடும். லாரிப் பட்டை சேர்த்தால் 129. மனுஷ உடம்பு நடந்து பழகிய தாளம் 60-லிருந்து 90 வரைக்கும் என்று சஸ்பென்ஷன் புத்தகங்களில் போட்டிருக்கும். 129 என்பது குதிரை உதைக்கிற மாதிரி. வலியோடு படுத்திருக்கிறவளை அதில் ஏற்றி அந்தக் கல் பாதையில் இறக்குவதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, விறைத்த ஸ்பிரிங் மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்காது, ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடும். தூக்கிய சக்கரம் காற்றில் சும்மா சுற்றும், தரையில் இருக்கிற ஜோடிச் சக்கரத்துக்கு இழுவை போகாது. டிஃபரன்ஷியலின் குணம் அது. நாலு சக்கர இழுவை இருந்தும் சேற்றில் நிற்க வேண்டியதுதான். இறக்கத்தில் குதிக்கிற சக்கரத்துக்கு பிரேக்கும் பிடிக்காது.

ஆஸ்திரேலியாவில் பழைய நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கு ஸ்பிரிங் விற்கிறவர்கள் முதலில் கேட்பது எப்போதும் எவ்வளவு பாரம் இருக்கும் என்று. காலிக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, நிரந்தரச் சுமைக்கு ஒன்று என்று ஒரே வண்டிக்கு மூன்று ரகம் வைத்திருப்பார்கள். நம்ம ஊர் கடையில் கேட்பது, "ஹெவியா போடட்டுமா சார்?"

மாமாவிடம் சீட்டைக் காட்டிச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ என்னாதான் செய்யச் சொல்ற? தட்டி வளைச்சிடலாமா?"

தட்டலாம். பச்சையாகத் தட்டினால் வளைவு வரும், கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும். உலையில் செக்கச்செவேல் என்று காய்ச்சித் தட்டினால் எஃகு முதலில் வாங்கிய பதம் போய்விடும். அதைத் திரும்ப எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் 'சுர்ர்' என்று முக்கி எடுத்தால் அரிவாளுக்கு வேண்டுமானால் ஆகும், மலை வண்டிக்கு ஆகாது. எங்கள் பட்டையில் இரண்டாவதில் கீறலும் இருந்தது. அதனால் பக்கத்துக்கு ஒன்றாக ஜோடியாய்ப் புதுக் கட்டு, அதே 7 பட்டை, அதே 6 மில்லிமீட்டர் என்று முடிவாயிற்று. ஒன்று மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். இரண்டாவது பட்டை மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி வளைந்து வர வேண்டும். மிலிட்டரி ராப்பர் என்பார்கள். மெயின் பட்டை கொண்டை ஊசி வளைவில் முறிந்தால் ஆக்ஸில் பின்னால் நழுவாமல் இது பிடித்துக்கொள்ளும்.

ஸ்பிரிங் முடிவான பிறகுதான் ஷாக். பாரம் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் ஆட்டத்தை அடக்க மட்டும். ஸ்பிரிங் விறைத்தால் அதே ஷாக்கின் அடக்கும் சக்தி வர்க்கமூலக் கணக்கில் குறைந்துபோகும். அந்த லாரிப் பட்டையைப் போட்டிருந்தால் புது ஷாக்கே நாலில் மூணு பங்குதான் வேலை செய்திருக்கும். அதனால் கம்பெனிப் பெயரைவிட நீளத்தைப் பார்த்தோம். ஆக்ஸில் பம்ப் ரப்பரில் இடிக்கும்போது ஷாக்கின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் 290 மில்லிமீட்டர். ஜாக்கி வைத்துச் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது 440. கடையில் காட்டிய 'பெரிய வண்டி ஷாக்' பார்க்க அம்சமாக இருந்தது, மடங்கினால் 320! பம்ப் ரப்பரைத் தொடுவதற்கு முன்னாலேயே ஷாக் இடித்துப் பிராக்கெட்டைப் பிய்த்துவிடும். பழைய பிராக்கெட் எப்படி விட்டுப்போனது என்று அங்கேதான் புரிந்தது. மடங்கினால் 275, விரிந்தால் 455 வருகிற ஷாக்காகத் தேடி வாங்கினோம். நைட்ரஜன் கொஞ்சம் அடைத்த ரகம். கல் பாதையில் விடாமல் ஆடினால் உள்ளே எண்ணெய் சூடேறி நுரைக்கும், நுரைத்தால் அடக்குகிற சக்தி போய்விடும். காஸ் அந்த நுரையைக் குறைக்கும். மற்றபடி காஸ் ஷாக் வண்டியைத் தூக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பூட்டுவது ஒரு நாள் வேலை. யூ போல்ட் எல்லாம் புதுசு. ஒரு தடவை இழுத்து முறுக்கியதைத் திரும்பப் போடக்கூடாது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பட்டறைப் பையன் சிரித்தான், ஆனாலும் செய்தான்.

டேப் வைத்தேன். காலியில் இடைவெளி 75 இருந்தது 115 ஆகியிருந்தது. அதே 6 மூட்டை, அதே மூன்று பேர் ஏறியபோது 45 மிச்சம். மாமா பாதையில் வேகமாகவே விட்டார். அந்தப் பெரிய ஓடைப் பள்ளத்தில் மட்டும் ஒரு தடவை இடித்தது. "அங்க மெதுவா போவணும், அவ்ளோதானே" என்றார். சிமெண்ட் நாளில் இரண்டு நடையாக ஏற்றுவது என்றும் பேசிக்கொண்டோம்.

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி அடியில் படுத்து யூ போல்ட் நட்டுகளைப் பிடித்துப் பார்த்தோம். எட்டில் ஐந்து கால் சுற்று ஏறியது.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு