நிற்கும் வண்டியின் நாடி

மோட்டார் வண்டி ஓடும்போது காட்டாத குறையை நிற்கும்போது காட்டும். மிதியிலே கால் வையாதவழி, இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 800 சுற்றுச் சுழல்வதே செவ்விய நிலையாகும். 1967ஆம் ஆண்டிலே போஷ் நிறுவனத்தார் மின்னணு முறையாற் பெற்றோல் பீச்சும் அமைப்பை வொக்ஸ்வாகன் வண்டியிற் புகுத்தினர். அதன் பின்னர், அச்சுழற்சியைக் காக்கும் பொறுப்புப் படிப்படியாகக் காபரேற்றரை விட்டுச் சிறு கணினியொன்றைச் சேர்ந்தது.

மழைக்குப் பேர்போன வட்டவளையிலே எமது பழைய காரும் நிற்குந்தோறும் குலுங்கி அணைந்தது. கினிகத்தேனை வளைவுகளில் இயந்திரம் அணையின் ஸ்ரியறிங் இறுகும்; இரண்டொரு மிதியின் பின் பிறேக்கும் பெருவலிமை வேண்டும். பின்னிருக்கையிலோ மாணவர் இருப்பர். ஆதலின் இதனைச் சிறுகுறையென விடற்கில்லை.

கணினியை மாற்றுமாறு கூறினார் பழுதுபார்ப்போர் ஒருவர். அதன் விலையோ எமது மாதச் சம்பளத்தை விஞ்சும். யாம் முறைப்படி ஆராய விழைந்தோம். சுற்று மிகுந்தால் இறப்பர்க் குழாயின் காற்றுக் கசிவையும், குறைந்தால் காற்றுவாயிலிற் படிந்த கரியையும் முதலில் ஐயுறல் வேண்டும். உணரிகளும் கணினியும் அவற்றின் பின்னரே. எமது வண்டியிற் சுற்றுக் குறைந்திருந்தது. காற்றுவாயிலைத் திறந்து நோக்கியபோது கரி தடித்திருந்தது. துடைத்ததும் நாடி சீராயிற்று.

வகுப்பிலும் நெறி இதுவே. தடுமாறும் பிள்ளையின் மூளையைப் பழிக்குமுன், அவன் காலையுணவு உண்டானா, மழையில் எத்துணைத் தொலைவு நடந்து வந்தான், கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகின்றதா என வினவுவோமாக. ஆசிரியத் தொழிலை நாடும் இளைஞர்காள், எளியதை முதலில் நோக்குமின்!