வல்லை வெளியின் காற்று

வெளிநாட்டு நாட்காட்டிகளில் பருவகாலங்கள் நிறங்களாகவே வருகின்றன. இலை பழுத்துச் சிவக்கும், பனி மூடும், மறுபடி துளிர்க்கும். எங்கள் யாழ்ப்பாணத்துப் பனைகள் அவ்வாறு நிறம் மாறுவதில்லை. இங்கே பருவத்தைத் தண்ணீரிலும் காற்றிலுமே தேட வேண்டும். கமராவும் கையுமாகத் திரிந்த எனக்கு இது விளங்கப் பல வருடங்கள் எடுத்தன.

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலத்தில், கனடாவிலிருந்து பல்கலைக்கழகத் தோழன் ஒருவன் எழுதியிருந்தான். மாரியில் வல்லை வெளி எப்படி இருக்குமென்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். ஒரு படம் அனுப்பட்டாம். தொண்ணூறுகளின் முற்பகுதியில், எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில், நெல்லியடியிலிருந்து திருநெல்வேலி வளாகத்துக்கு நானும் அவனும் அந்த வெளியூடாகவே சைக்கிள் மிதித்தோம்.

என்னிடமிருந்த நெகட்டிவ்கள் முழுவதையும் தேடினேன். முகாம்கள், இடிந்த கூரைகள், நிவாரண வரிசைகள், பிரேதப் பெட்டிகள். மனிதத் துயரமில்லாத வெறும் நிலம் ஒன்றுகூட இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது நானும் அவர்களுள் ஒருவன். பிளாஷுக்குப் பற்றரி இல்லை. அந்த மழையும் என்னிடம் படமாக இல்லை.

அடுத்த மாரியில் வல்லைக்குப் போனேன். வெளி முழுவதும் வெள்ளம்; நடுவே பாலம். இரண்டு படம் எடுப்பதற்குள் காவலரணிலிருந்து ஒருவர் வந்தார். எதற்காகப் படம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் “மழைக்காக” என்றேன். மழையைப் படமெடுக்க ஒருவன் வருவான் என்பதை அவர் நம்பவில்லை. பிலிம் சுருளை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டு அனுப்பிவைத்தார். போர்க்காலத்தில் எங்கள் நிலக்காட்சி எதுவும் நிலக்காட்சியாக மட்டும் இருந்ததில்லை. பாலம் இலக்காயிற்று, பனங்கூடல் மறைவிடமாயிற்று.

2009இல் போர் முடிந்து மூன்றாண்டுகளின் பின், டிஜிட்டல் கமராவோடு மாதமொருமுறை அங்கே சென்று ஒரே இடத்தில் நின்று எடுத்தேன். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வானமும் தரையும் ஒரே சாம்பல் நிறம். தை மாதத்தில் வெள்ளம் வற்றத் தொடங்க, வலசைப் பறவைகள் சேற்றில் இரை தேடும். சித்திரை வருடப்பிறப்பையொட்டி நண்பகற் சூரியன் சரியாகத் தலைக்குமேல் நிற்கும். அப்போது எடுத்த படத்தில் எதற்கும் நிழலில்லை. ஆனியில் தரை வெடித்து உவர் பூத்திருந்தது. பன்னிரண்டு படங்களையும் தோழனுக்கு அனுப்பினேன்.

“எல்லாம் வடிவாத்தான் இருக்குது. ஆனால் காத்தைக் காணேல்லையே மச்சான்” என்று பதில் வந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. வல்லை வெளி என்றாலே காற்றல்லவா! சோளகத்தில் வளாகம் போகும்போது எதிர்க்காற்று. வாடையில் வீடு திரும்பும்போது எதிர்க்காற்று. காற்று அடங்கிய காலை வேளைகளாகப் பார்த்தே நான் படமெடுத்திருக்கிறேன். அழகு தேடிப் போனதில் வந்த பிழை அது.

ஆடியில் மறுபடி போனேன், இம்முறை நண்பகலுக்குப் பின். புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. ஷட்டர் வேகத்தை வினாடியில் பதினைந்தில் ஒரு பங்காகக் குறைத்துக் காத்திருந்தேன். முதியவர் ஒருவர் ஹான்டிலுக்கு மேல் குனிந்து, பெடலில் எழுந்து நின்று மிதித்தபடி வந்தார். படத்தில் புற்கள் கலங்கிப்போய்க் கிடந்தன, வானம் வெளிறியிருந்தது. எந்த நாட்காட்டிக்காரரும் அதை ஏற்கமாட்டார்.

அதனைத் தோழனுக்கு அனுப்பினேன். அந்த மனிதர் ஏன் அப்படிக் குனிந்திருக்கிறார் என்று பிள்ளைகள் கேட்டார்களாம். ஒரு மணித்தியாலம் கதை சொன்னதாக எழுதியிருந்தான்.