நிழல் திரும்பிய மலை

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் வேங்கிக்காலைச் சேர்ந்த குடும்பம் ஒன்று, இரமணாசிரமத்தின் பின்புறம் தொடங்கும் கற்பாதையில் விடியலிலேயே ஏறத் தொடங்கியது. ஆயா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர். கையில் புளிச்சோறும் தண்ணீரும். வெயில் ஏறுமுன் கந்தாசிரமம் சென்று திரும்பவேண்டும் என்பது ஏற்பாடு. ஆயாவோ அடிக்கடி நின்றார். மூச்சு வாங்கியது ஒரு காரணம். இருமருங்கும் நின்ற மரங்கள் மற்றொரு காரணம்.

“நான் வாழ்க்கைப்பட்டு வந்தப்ப இங்க ஒதுங்க நிழல் கிடையாது. வெறும் பாறைதான்” என்றார்.

“அப்ப இந்த மரமெல்லாம் எங்கிருந்து வந்துச்சு ஆயா?” என்றாள் பேத்தி.

விடை நீளமானது. 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலை, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் மொட்டையாகவே நின்றது. விறகு வெட்டும் மேய்ச்சலும் காட்டைத் தேய்த்தன. எஞ்சியதைத் தீ தின்றது. மழையில் ஆளுயரம் வளரும் புல் மாசி, பங்குனியில் காய்ந்து நிற்கும். அணைக்காத ஒரு பீடித்துண்டு போதும். எரிந்த புல்லின் வேர் பிழைத்துக்கொள்ளும், இளங்கன்று பிழைக்காது. அடுத்த மழையில் புல்லே முந்தித் துளிர்க்கும். தீயின் வடிவாகப் போற்றப்படும் மலையில் மரத்துக்குப் பகை தீயாக இருந்தது விந்தையே.

1980களின் இறுதியில் மரம் நடும் முயற்சிகள் தொடங்கின. 2003இல் தோன்றிய ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளை, நாட்டு மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்துப் பருவமழையில் மலையில் நட்டுவருகிறது. ஆயினும் நடுவது எளிது; கோடைதோறும் காப்பதே கடினம். புல்லை அகலமாக அறுத்துத் தீ தாண்டாத வெற்றுப்பட்டைகள் அமைப்பதும், புகை கண்டவுடன் பச்சைத் தழைகளோடு ஓடுவதும் ஊர்மக்களின் உழைப்பு.

கந்தாசிரமத்தை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. கந்தசாமி என்னும் அன்பர் சரிவைத் திருத்தி மரம் வைத்து உருவாக்கிய இவ்விடத்தில், இரமணர் 1916 முதல் 1922 வரை வாழ்ந்தார். கீழே, 217 அடி இராசகோபுரம் விளையாட்டுப் பொருள்போல் தெரிந்தது. மருமகள் கோபுரத்தைப் பார்க்கவில்லை. மலையடியில் நெருங்கி நின்ற வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல்மழையில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் மடிந்தன. அவர்களுள் ஐவர் குழந்தைகள்.

“மரம் இருந்திருந்தா சரிஞ்சிருக்காதாப்பா?” என்றான் பேரன்.

தந்தை உடனே விடை சொல்லவில்லை. “வேரு மேல்மண்ணப் பிடிச்சுக்கும்; தண்ணியோட வேகத்தக் குறைக்கும். ஆனா அவ்வளவு மழையில பெரும்பாறைய அது நிறுத்தும்னு சொல்ல முடியாதுப்பா. சரிவுல வீடு கட்டாம இருக்கணும். அதுக்கு வேற இடம் கெடைக்கணுமே.”

இறங்கும் வழியில் நால்வர் அரிவாளோடு காய்ந்த புல்லை அறுத்துக்கொண்டிருந்தனர். ஆயா மீதமிருந்த புளிச்சோற்றை அவர்களிடம் நீட்டினார்.

“போன வருசம் இந்தப் பக்கம் தீ வரலம்மா” என்றார் ஒருவர், அரிவாளைக் கீழே வைக்காமலே.