அம்மம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தார்

அம்மம்மாவுக்கு பார்க்கின்சன் என்று கிளினிக்கில் சொன்ன அன்று, "மூளையில டோபமைன் காணாது" என்ற வசனம் மட்டும்தான் எனக்கு விளங்கியது. டோபமைன் எனக்குத் தெரிந்த ஆள். ரீல்ஸ் பார்த்தால் கூடும், லைக் விழுந்தால் கூடும், சந்தோசத்தின் இரசாயனம். அப்ப அம்மம்மாவுக்குச் சந்தோசம்தானே குறைவு?

அன்றிலிருந்து அவரைச் சிரிக்க வைக்கிறதே என் வேலை. பழைய படப்பாட்டு, பகிடி, பூட்டப்பிள்ளையின் வீடியோ. முகம் அசையவில்லை. ஒருநாள் சினத்தில், "ஒருக்காச் சிரிச்சால்தான் என்ன அம்மம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் சிரிச்சுக்கொண்டுதானே மோனை இருக்கிறன்" என்றார்.

ஓ.எல்லோடு விஞ்ஞானத்தைக் கைவிட்ட என்னை அந்தப் பதில்தான் திரும்ப வாசிக்க வைத்தது.

டோபமைன் செய்தி சொல்லக் கலத்துக்குள் போகத் தேவையில்லை. வெளியே மென்சவ்வில் இருக்கும் வாங்கியில் வந்து ஒட்டும். வாங்கி வடிவம் மாறி, உள்ளே இருக்கும் ஜி-புரதத்தை எழுப்பும். மிச்ச வேலை உள்ளே நடக்கும்.

இதைப் பார்க்க மூளையே வேண்டாம். ஹெக் 293 என்பவை, மனித முளையச் சிறுநீரகத்திலிருந்து 1973இல் நெதர்லாந்தில் உருவாக்கி, இன்றுவரை ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் கலங்கள். அவற்றுக்குள் டி1 வாங்கிக்கான பரம்பரை அலகைப் புகுத்தி டோபமைன் சேர்த்தால், சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு கூடும். டி2 வாங்கியைப் புகுத்தினால், அதே டோபமைன் அந்த மூலக்கூறு உருவாவதைத் தடுக்கும். கிண்ணத்துக்குள் சந்தோசமும் இல்லை, கவலையும் இல்லை. எந்த வாங்கி நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் செய்தி.

மூளையில் அசைவைத் தொடக்கும் பாதையில் டி1 அதிகம், அசைவை மறிக்கும் பாதையில் டி2 அதிகம். டோபமைன் முதலாவதைத் தூண்டி, மற்றதை அடக்கும். ஆக்சிலேட்டரை மிதித்து பிரேக்கை விடுகிற மாதிரி. டோபமைன் குறைந்தால் பிரேக் விடுபடாது. கை, கால் மட்டுமில்லை, முகமும் இறுகிப்போகும். அம்மம்மாவிடம் சிரிப்பு இருந்தது. அது முகத்துக்கு வரத்தான் வழியில்லை.

இப்ப லெவோடோபா குளிசையை நேரம் தவறாமல் கொடுப்பது என் பொறுப்பு. டோபமைனைக் குளிசையாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. லெவோடோபா உள்ளே போய் டோபமைனாக மாறும்.

பகிடி இன்னமும் சொல்கிறேன். முகத்தைப் பார்த்து முடிவு எடுக்கிறதில்லை. "சிரிக்கிறியளோ அம்மம்மா?" என்று கேட்பேன்.

"ஓம்" என்பார்.